காதில் சொல்லக் கொண்டுபோன பெயர்

சென்னை விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி மேலே இருந்த பொட்டலத்தை மோந்து பார்த்தார்.

"என்னம்மா இது?"

"சாம்பிராணி சார்."

"சாம்பிராணியை வெளிநாட்டுலேர்ந்தா வாங்கிட்டு வருவாங்க?" என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அது மரத்தில் வடிகிற ஊரிலிருந்தே வருகிறேன் என்று விளக்கலாம். ஆனால் பின்னால் வரிசை நீண்டிருந்தது. சாம்பிராணிக்குக் கீழே ஒரு பெட்டி பேரீச்சம்பழமும் குழந்தை அளவுக்கு ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசும் இருந்தன. இவை போக இன்னொன்றும் நான் சேர்ப்பிக்க வேண்டியிருந்தது. ஒரு குழந்தைக்கு ஒரு பெயர்.

நான் நைனார்பாளையத்துப் பெண். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கரும்பை வெட்டி, அடுத்தவர் கொல்லையில் கிழங்கு பிடுங்கி என்னைப் படிக்க வைத்தார்கள். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். இதை யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். இப்போது ஓமான் நாட்டின் சலாலாவில் ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்கிறேன். ஒரு வருடம் கழித்து முதல் விடுமுறை.

சலாலாவில் ஒரு டீக்கடையில், "இன்னா இது, டீயா வெந்நீரா?" என்று நான் கடைக்காரரிடம் சண்டை போட்டபோது, பக்கத்து மேசையிலிருந்து ஒருவர் துள்ளி எழுந்தார். "பாப்பா, நீ எந்த ஊரு?" அப்படி அறிமுகமானவர்தான் ஏழுமலை அண்ணன். கல்வராயன் மலைக்காரர். வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கம் ஊர். ஒரு வயதான ஓமானிய அம்மாவுக்குக் கார் ஓட்டுகிறார். அந்த அம்மாவை அவர் 'அரபு ஆயா' என்றுதான் எங்களிடம் சொல்வார்.

அவருக்கு இரண்டாவது பெண் பிறந்திருந்தாள். பிரசவம் சிக்கலாகி, நல்ல சேதி வரும்வரை அரபு ஆயா கையில் ஜபமாலையோடு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். அதனால் பிள்ளைக்கு ஆயாவின் பெயரையே வைப்பது என்று அண்ணன் முடிவு செய்துவிட்டார். விடுப்புதான் கிடைக்கவில்லை.

"எனக்குக் கூடப்பொறந்த பொண்ணு கிடையாது. அத்தைதான காதுல பேரு சொல்லணும்? நீ என்னை அண்ணன்னு கூப்பிடற. அப்ப நீதான் அத்தை. போயி சொல்லிட்டு வா. பேரு இன்னான்னு வூட்ல ஏற்கெனவே சொல்லிட்டேன்."

பெயர் என்ன என்று அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும். அத்தை ஆன சந்தோஷத்தில் எனக்குத் தோன்றவில்லை.

உளுந்தூர்பேட்டையில் பேருந்து நின்றதும் முதல் வேலையாக ஒரு மசால்தோசை தின்றேன். சலாலாவிலும் மசால்தோசை உண்டு. அங்கே அதைத் தட்டில் மரியாதையாக வைப்பார்கள். இங்கே வீசுகிறார்கள். வீசின தோசைக்குத்தான் ருசி ஜாஸ்தி. லாரிகள் வரிசையாக நின்று ஆரன் அடிக்க, நெய் வழிந்த விரலை நக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டோம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அம்மாவோடு சில நாள் இருந்துவிட்டு, கள்ளக்குறிச்சியில் மலைப் பேருந்தைப் பிடித்தேன். எனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு பலாப்பழம் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் அதன் சொந்தக்காரர்.

"பலாப்பழத்துக்கு டிக்கெட் எடுத்தியா?" என்றார் நடத்துநர்.

"மலையில விளையறதை மலைக்கே இட்டுக்கினு போறேன். விக்கலண்ணே. அதுவே மனசு ஒடிஞ்சி ஒக்காந்துக்கினு இருக்குது, அதுங்கிட்ட போயி டிக்கெட் கேக்கிறியே?"

பேருந்து சிரித்ததில் நடத்துநர் தோற்றுப் போனார்.

கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் காற்று குளிர்ந்தது. சலாலாவிலும் வருடத்தில் சில மாதம் சாரல் பெய்து மலை முழுக்கப் பச்சையாகும். ஊரே பாய் விரித்து மலையில் உட்கார்ந்து அதை வேடிக்கை பார்க்கும். கல்வராயன் மலையை அவர்கள் பார்த்தால் பாயைச் சுருட்டவே மாட்டார்கள்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் குச்சிக்கிழங்கு மூட்டை ஏற்றிய லாரி திரும்ப முடியாமல் சாலைக்குக் குறுக்கே நின்றது. எல்லோரும் இறங்கினோம். லாரிக்காரருக்கு ஆளுக்கொரு யோசனை சொன்னோம். அவர் எதையும் கேட்கவில்லை. என் பையையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா பொறுக்க முடியாமல், "இன்னா கண்ணு உள்ள? கமகமன்னு இருக்குது" என்றார். சாம்பிராணியைத் தர முடியாது. பேரீச்சம்பழப் பெட்டியைப் பிரித்தேன். அதற்கப்புறம் பெட்டி என் கைக்கு வரவே இல்லை. மொத்தக் கூட்டத்தையும் சுற்றிவிட்டு அடியில் கொஞ்சம் பழத்தோடு திரும்பியது.

பலாப்பழக்காரர் கொட்டையைத் துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "நம்ம காட்டு ஈச்சம்பழந்தான். கொஞ்சம் வசதியா வளந்துகீது."

"யாரு வூட்டுக்குப் போற கண்ணு?" என்று கேட்டார் அந்த அம்மா.

"ஏழுமலை அண்ணன் வூட்டுக்கு."

"பாக்கியம் மவனா? நாளைக்குப் பேரு வெக்கிறாங்களே! பேருக்கு அர்த்தம் சொல்ல அரபு நாட்டுலேர்ந்து ஒரு பொண்ணு வருதுன்னாங்க. அது நீதானா?"

அர்த்தம் சொல்வதும் என் வேலை என்று அங்கேதான் எனக்குத் தெரிந்தது. மொத்தப் பேருந்தும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பலாப்பழக்காரர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, "எங்க, ரெண்டு வார்த்த பேசு பாக்கலாம்" என்றார்.

எனக்குத் தெரிந்த அரபு முழுவதும் ஆய்வகத்தில் கற்றது. மறுத்தால் கௌரவம் போய்விடும். தொண்டையைச் செருமிக்கொண்டு, "கையை நீட்டுங்கள், பயப்படாதீர்கள், கொஞ்சம்தான் வலிக்கும், நாளைக்கு வெறும் வயிற்றோடு வாருங்கள்" என்று அரபியில் கணீரென்று சொன்னேன். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். லாரி நகர்ந்தது.

ஏழுமலை அண்ணன் வீட்டில் மூன்று பெண்கள் என்னை எதிர்கொண்டார்கள். நான்காமவள் தூளியில் இருந்தாள். அண்ணனின் அம்மா பாக்கியம், என் நெற்றியைத் தடவி நெட்டி முறித்தார். அண்ணி காவேரி, பச்சை உடம்போடு சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் பரிமாற வந்துவிட்டார். ஐந்து வயது மூத்த பெண் என் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

அவள் பெயரும் பாக்கியம்தான், பாட்டியின் பெயர். தெருவில் யாராவது "பாக்கியம்" என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்புகிறார்கள். அண்ணி மட்டும் அவளைக் கைதட்டிக் கூப்பிட்டார். இல்லாவிட்டால் "ஏய்", "இந்தா", "பெரிசு".

அடுப்படியில் உட்கார்ந்து பலாக்கொட்டை உரிக்கும்போது கேட்டேன். "என்ன அண்ணி, பேர் சொல்லிக் கூப்பிடறதில்லையா?"

"மாமியார் பேரை மருமவ எப்படிச் சொல்றது? நீ அரபு நாட்டுக்குப் போனதும் எல்லாத்தையும் மறந்துட்டியா?"

மறக்கவில்லை. என் அம்மாவும் அப்பாவின் பெயரை இன்றுவரை சொன்னதில்லை. ஆனால் அண்ணியின் பாடு அதைவிட மோசம். அவர் புருஷன் பெயர் ஏழுமலை. அவர் வாழ்வதோ மலையில்.

"நான் இந்த மேட்டுக்கு வாழ்க்கப்பட்டு வந்ததுலேர்ந்து..." என்று ஆரம்பித்தார்.

"மேடா? கல்வராயன் மேடா?"

"கல்வராயன் மேடுதான். இன்னா பண்றது!"

"அப்ப எண்ணும்போது?"

"ஆறு, அதுக்கு மேல ஒண்ணு, எட்டு" என்று கொட்டைகளை எண்ணிக் காட்டினார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் குரலைத் தாழ்த்தினார். "இப்ப ஒரு வழி கெடைச்சிருக்குது. அந்த ஊர்க்காரங்களுக்கு இவரு பேரு வாயில நுழையலயாம். ஜபல்னுதான் கூப்பிடறாங்களாம். ஜபல்னா மேடுதானாம். அதனால போனுல நானும் ஜபல்னு கூப்பிடறேன். அத்தைக்குப் புரியாது."

"எல்லாம் புரியுதுடி!" என்று வாசலிலிருந்து பதில் வந்தது.

அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு உரித்த கொட்டையைக் கையில் வைத்தபடியே சொன்னார். "பாரு ராணி, அஞ்சு வருசமாச்சு. என் மவளை ஒரு தடவ பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. சின்னதுக்கும் அவங்க மாமியா பேரைத்தான் வெக்கணும்னு அத்தை சொன்னாங்க. அதுவும் என் வாயில வரக் கூடாத பேரு. நல்லவேள, இவரு அங்கேர்ந்து ஒரு பேரைச் சொன்னாரு. இந்த மேட்டுலயே யாருக்கும் இல்லாத பேரு. யார் தடுக்க முடியும்? நான் கூப்பிடலாம், கத்தலாம், திட்டலாம். ஆனா அத்தை, 'அர்த்தம் தெரியாத பேரை வெக்க விடமாட்டேன், வர்ற பொண்ணு சபையில அர்த்தம் சொல்லட்டும், நல்லா இருந்தா வெச்சிக்கலாம்'னுட்டாங்க. எல்லாம் உன் கையிலதான் இருக்குது."

"பேர் என்ன அண்ணி?"

"உம்மு சாலி. நாங்க சாலி, சாலின்னு கூப்பிடறோம்."

என் கையிலிருந்த கொட்டை விழுந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆய்வக வாசலில் நின்று பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். சில வயதான அம்மாக்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். கூட வேலை செய்த பகீத் என்ற ஓமானிய அண்ணன்தான் சொல்லிக் கொடுத்தார். பிள்ளை பெற்ற பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அங்கே அவ்வளவு மரியாதை இல்லை. மூத்த மகன் பெயரோடு சேர்த்து 'உம்' என்று சொல்ல வேண்டும். உம் என்றால் அம்மா. நம் தெருவில் மணி அம்மா, குமார் அம்மா என்பதைப் போலத்தான்.

ஏழுமலை அண்ணன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எல்லோரும் உம் சாலிம், உம் சாலிம் என்று கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறார். அதுதான் பெயர் என்று நினைத்துவிட்டார். பெரிய மனுஷியிடம் பெயரைக் கேட்கிற வழக்கம் நம் பக்கத்தில் ஏது?

"அண்ணி, அதுக்கு அர்த்தம், சாலிமோட அம்மா."

"சாலிம் யாரு?"

"அரபு ஆயாவோட மூத்த மகன். அம்பது வயசு இருக்கும்."

அண்ணி தூளியைப் பார்த்தார். "இவ அவனுக்கு அம்மாவா?"

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. சட்டென்று சிரிப்பு நின்றது.

"அத்தைக்குத் தெரிஞ்சா அவ்ளோதான். ராணி, பொய் சொல்லிடேன். நெலான்னு சொல்லு, மல்லிப்பூன்னு சொல்லு. நீ இன்னா சொன்னாலும் நம்புவாங்க."

நம்புவார்கள்தான். ஆனால் இந்தப் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் போகும். என்னைப் போலவே எங்கேயாவது கடல் தாண்டியும் போகும். அங்கே ஒருவன், "யாருடைய அம்மா நீ?" என்று கேட்டால்? "முடியாது அண்ணி. காலையில அண்ணனுக்குப் போன் போட்டு ஆயாவோட சொந்தப் பேரைக் கேட்டுடலாம். சபையில அதைச் சொல்லிக்கலாம்" என்றேன்.

அந்த ஊரில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டியடியில் மட்டும்தான். காலையில் குளித்துப் புதுச்சேலை கட்டின கையோடு, நானும் அண்ணியும் திருடிகள் போலத் தொட்டிக்குப் போனோம். எங்களைப் பார்த்து பக்கத்து வீட்டு அஞ்சலை வந்தார். அவரைப் பார்த்து அவர் மாமியார் வந்தார். பேர் வைக்கிற இடம் மாறிவிட்டதாக நினைத்து, சர்க்கரைத் தண்ணியும் பாயும் எடுத்துக்கொண்டு ஊரே வந்தது. கடைசியாகத் தூளிப் பிள்ளையை மார்பில் அணைத்துக்கொண்டு பாக்கியம் பெரியம்மா வந்து என் பக்கத்தில் நின்றார்.

ஏழுமலை அண்ணனுக்கு இணைப்பு கிடைத்துவிட்டது. முகம் தெரிந்தது. பின்சீட்டில் ஆயாவோடு காரை ஓரம் கட்டியிருந்தார்.

"அண்ணா, ஆயாவோட பேரு இன்னா?"

"அதான் சொன்னேனே. உம் சாலிம்."

"ஐயோ அண்ணா, அது பேரில்ல! சாலிமோட அம்மான்னு அர்த்தம்!"

மெதுவாகத்தான் சொன்னேன். பெரியம்மா பக்கத்திலேயே நிற்பதையும் ஒலிபெருக்கி போட்டிருந்ததையும் மறந்துவிட்டேன். அண்ணன், "இன்னாது?" என்று கத்தியது தொட்டியில் மோதித் திரும்பி வந்தது.

"யாருடி அந்தச் சாலிமு?" என்றார் பெரியம்மா.

நான் சொன்னேன். அஞ்சலை இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "பாக்கியக்கா, பேத்தி பொறந்த கையோட உனக்குக் கொள்ளுப்பேரனும் வந்துட்டான்! அதுவும் தாடியோட!" என்றார். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. பெரியம்மா சிரிக்கவில்லை.

"போதும் கூத்து. எங்க மாமியா பேரு இருக்குது. அலமேலு. அத்தை வந்து காதுல சொல்லட்டும்."

காவேரி அண்ணி நான் கொண்டுவந்த கொலுசைக் கையில் வைத்திருந்தார். அதை முந்தானையில் முடிந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணா, போனை ஆயாகிட்ட குடு."

"வெக்கமா இருக்குது பாப்பா. பொம்பளைங்க பேரை நான் எப்படிக் கேப்பேன்?"

"நீ கேக்காத. நான் கேக்கிறேன். நான் தினமும் கேக்கிறவ."

போன் பின்சீட்டுக்குப் போனது. கறுப்பு முக்காட்டுக்குள் சுருக்கம் விழுந்த முகம், கண் நிறையச் சிரிப்பு. நான் பதற்றத்தில் ஆய்வகத்தில் கேட்கிற கேள்விகளையே வரிசையாகக் கேட்டுவிட்டேன். "உங்கள் பெயர் என்ன? வயது என்ன? காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா?"

அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். "என் பெயர் பகீதா. வயது கடவுளுக்குத் தெரியும். காலையில் ரொட்டியும் பாலும். எதற்குக் கேட்கிறாய், ரத்தம் எடுக்கப் போகிறாயா?" பிறகு குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "சாலிம் பிறந்த பிறகு என்னை அந்தப் பெயரில் யாரும் கூப்பிட்டதில்லை, மகளே. என் அம்மா மட்டும் கூப்பிடுவாள். நீ கேட்டதும்தான் எனக்கே ஞாபகம் வந்தது."

பகீதா. எங்கள் ஆய்வகத்து பகீத் அண்ணன் தன் பெயருக்கு அர்த்தம் சொல்லிச் சொல்லியே சீட்டாட்டத்தில் எங்களைத் தோற்கடிப்பார். அதே பெயரின் பெண்பால். சபையைப் பார்த்து உரக்கச் சொன்னேன்.

"பகீதான்னா பாக்கியம்!"

"இன்னா?" என்று பெரியம்மா திரும்பினார். தொட்டிக் குழாயில் விளையாடிக்கொண்டிருந்த மூத்த பெண்ணும், "இன்னா?" என்று திரும்பினாள்.

"உங்களைக் கூப்பிடல பெரிம்மா. அந்த ஆயா பேருக்கு அர்த்தம் அதுதான். அதிர்ஷ்டம் உள்ளவ. பாக்கியம்."

பெரியம்மா போனுக்குள் குனிந்து பார்த்தார். அந்தப் பக்கமிருந்து அரபு ஆயாவும் குனிந்து பார்த்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்துக்கொண்டார்கள்.

"என் பேருதான் கடலுக்கு அந்தாண்ட இருக்குதா?" என்றார் பெரியம்மா. வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். "பகீதா."

அஞ்சலை விடுவதாக இல்லை. "அர்த்தம் அதேன்னா, மருமவ மட்டும் அதை எப்படிச் சொல்லுவாளாம்?"

எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்தார்கள். அவர் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"புருசனையே ஜபலு, ஜபலுங்கிறா. அதனால வானமா இடிஞ்சி வுழுந்துது? சொல்லட்டும் போ."

அண்ணி கைக்குழந்தையைத்தான் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் குழாயடியைப் பார்த்தார். முகம் சிவந்து போயிருந்தது. வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"பகீதா!"

மூத்த பெண் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், பகீதா!"

"உன்னைத்தான்டி கூப்பிடறா உங்கம்மா" என்றார் பெரியம்மா.

அவள் ஈரக் கையோடு நின்று எல்லோரையும் பார்த்தாள். பிறகு ஓடிவந்து அம்மாவின் புதுச்சேலையில் கைகளைத் துடைத்தாள். அண்ணி திட்டவில்லை. அந்தப் பெயரை அவள் உச்சந்தலையில் இன்னும் இரண்டு தரம் சொன்னார்.

"அப்ப இதுக்கு?" என்றார் பெரியம்மா, தோளில் கிடந்த குழந்தையைக் காட்டி. கொண்டுவந்த பெயரை அக்காக்காரி தட்டிக்கொண்டு போய்விட்டாளே!

ஏழுமலை அண்ணன் நடந்ததையெல்லாம் தன் அரபியில் அரபு ஆயாவிடம் சொல்லி முடித்தபோது, போன் குலுங்கிக் குலுங்கி வானம், கார்க் கதவு, மறுபடி வானம் என்று காட்டியது. ஆயா அப்படிச் சிரித்திருக்கிறார். "என் மகன் பெயரைத்தான் அந்தப் பிள்ளைக்கு முதலிலேயே கொடுத்துவிட்டீர்களே, அதையே பெண் பெயராக்கி வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். சாலிமா. ஒரு குறையும் வராமல் நலமாக இருப்பவள். பிழைத்து வந்த பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஊர் ஏற்கெனவே சாலி என்றுதானே கூப்பிடுகிறது!

நான் பிள்ளையின் காதில் அதை மூன்று முறை சொன்னேன். அண்ணி முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொலுசைப் பூட்டினார். சாலிமா தும்மினாள். சாம்பிராணிப் புகை அதிகமாகிவிட்டது. மிச்சமிருந்த பேரீச்சம்பழத்தை ஆளுக்கு ஒரு கிள்ளாகக் கொடுத்தோம்.

மறுநாள் காலைப் பேருந்தில் மலை இறங்கினேன். முந்தைய நாள் சேதி எனக்கு முன்னாலேயே பேருந்தில் ஏறியிருந்தது. நடத்துநர் என்னைப் பார்த்து, "எங்க வூட்லயும் ஒண்ணு பொறக்கப் போவுது, பேரு எதுனா இருக்குதா?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

முதல் வளைவில் வண்டி மெதுவாகத் திரும்பியது. மேலே வீட்டுப் பக்கமிருந்து அண்ணியின் குரல் மலை முழுக்கக் கேட்டது.

"பகீதா!"

"இன்னாம்மா?"

"ஒண்ணுமில்லடி!"

அடுத்த வளைவு வருவதற்குள் மறுபடியும் கூப்பிட்டார்.